நின்ற இடத்தில் நூற்றிருபது

என் வண்டி நூறு வரைக்கும் ஒழுங்காகத்தான் போகும். நூறைத் தாண்டியதும் மூக்கை இடமும் வலமும் ஆட்ட ஆரம்பிக்கும். நூற்றிருபதில் அந்த ஆட்டம் பெரிதாகும். நூற்றைம்பதில் தன் வாலைத் தானே துரத்துகிற நாய் மாதிரி ஒரு சுற்று சுற்றி, சாலையை விட்டுப் பறந்து, பச்சைப் புல்லில் தலைகீழாகப் போய் விழும். அந்தப் புல் நான் வரைந்தது. சாலை நான் போட்டது. வண்டியும் நான் செய்ததுதான். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை என்கிற கடுப்பில் லேப்டாப்பை மூடிவிட்டு, படப்பை வாடகை அறையில் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

நான் தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் டிரெய்னி. டிரெய்னி என்றால் காலம் முடிந்ததும் கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். என் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வீடியோ பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றிருந்தேன். சென்னையில் அந்த மாதிரி விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனிக்கு நான் செய்த சின்னச் சின்ன விளையாட்டுகளை அனுப்பியிருந்தேன். அங்கே இருந்த மேடம் கூப்பிட்டுப் பேசினார். "அழகான படமெல்லாம் வேண்டாம்மா. ஒரு கார், ஒரு ரோடு. வேகமா போகும்போது ஹேண்ட்லிங் எப்படி இருக்கு, வண்டி கைக்கு அடங்குதான்னு மட்டும் பாக்கணும். வர்ற திங்கட்கிழமை எடுத்துட்டு வா" என்றார்.

கார் ஒழுங்காக ஓடினால் அங்கே வேலை. ஓடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்பா ஏற்கெனவே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சொல்லி வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேலை மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். எனக்கு இது வேண்டும்.

இதில் எனக்கே சிரிப்பு வருகிற ஒரு விஷயம் உண்டு. கம்பெனியில் நான் தினமும் நூற்றிருபதில்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி பூட்டுகிற லைன் முடிகிற இடத்தில் ரோலர் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. புது வண்டியின் நான்கு சக்கரமும் தரைக்குள் பதித்த இரும்பு உருளைகள்மேல் ஏறி நிற்கும். நான் சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டு மிதிப்பேன். சக்கரம் சுற்றும், உருளையும் சேர்ந்து சுற்றும், மீட்டர் நூற்றிருபது காட்டும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஒரு திரை, அதற்குப் பின்னால் சுவர். பிரேக் பார்ப்பேன், இறங்குவேன், அடுத்த வண்டியில் ஏறுவேன். லைசென்ஸ் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்துத் தெருவில் இரண்டாவது கியர் வரைக்கும் ஓட்டிக் காட்டி வாங்கியது. அதற்குப் பிறகு ரோட்டில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

ரோலரில் ஒரே ஒரு வித்தைதான். உருளைமேல் வண்டி ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும். நழுவுவதற்கு முன்னாலேயே ஸ்டியரிங்கை ஒரு நூல் எதிர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். விட்டுவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார். என் கையில் ஒருநாளும் சிவப்பு விளக்கு எரிந்தது கிடையாது. "பொண்ணு கை சுத்தம்" என்று அவரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதே கைப் பழக்கத்தைத்தான் விளையாட்டிலும் எழுதி வைத்திருந்தேன். வண்டியின் மூக்கு ஒரு நூல் விலகினாலும் உடனே எதிர்ப்பக்கம் திருப்பு. மொத்தப் புரோகிராமிலும் நான் பெருமைப்பட்ட வரி அது ஒன்றுதான். வீடியோவில் பார்த்து எழுதியது இல்லையே, என் சொந்தக் கை!

அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலை நேரம் முழுக்க அறையில் சும்மா இருப்பேன். சும்மா எங்கே இருந்தேன், மண்டை காய்ந்துகொண்டிருந்தேன். அறைத் தோழி தென்காசிக்காரி, சீட் உறை தைக்கிற கம்பெனியில் வேலை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, சீப்பைத் தலையில் செருகியபடி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏட்டி, டயரு வழுக்குதுட்டி. நல்லாப் பிடிச்சுக்கிடுத மாதிரி வை."

டயரின் பிடிமானத்தைக் கூட்டினேன். வண்டி வழுக்கவில்லை. அதற்குப் பதில் நூற்றிருபதில் மூக்கை ஆட்டியதும் டயர் தரையை இறுகப் பிடித்துக்கொண்டது, மேல் உடம்பு போன வேகத்தில் போய் வண்டி குட்டிக்கரணம் போட்டது. ஒன்று இல்லை, நாலைந்து. தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனியில் டெஸ்ட் டிராக் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் உண்டு. பிள்ளைப்பாக்கத்துக்காரர். உண்மையான வேகம் தெரிந்த ஆள் அவர்தான் என்று நினைத்து, கேண்டீனில் தட்டோடு போய் எதிரே உட்கார்ந்து கேட்டேன். அவர் சாம்பாரைப் பிசைந்தபடியே சொன்னார்.

"கவுந்துகுதா? அப்போ வெயிட்டு மேல கீதும்மா. வெயிட்ட கீழ எறக்கு. அவ்ளோதான் மேட்டரு."

"எறக்குனா ஆடாதாண்ணே?"

"ஆடுறது வேற, கவுர்றது வேற. ஆடுறதுக்கு இன்னான்னு எனக்கு எப்டி தெரியும்? நம்ம வண்டிதான் ஆடாதே!"

வெயிட்டைக் கீழே இறக்கினேன். அவர் சொன்னது சரி, கவிழவில்லை. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வேகம் கூடக்கூட வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கிற ஒரு வழியை ஏதோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதையும் செய்தேன். அமுக்கிய அமுக்கில் சக்கரம் பாதி ரோட்டுக்குள் இறங்கிவிட்டது. ஏர் கலப்பை மாதிரி ரோட்டை உழுதுகொண்டு போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கு கூட வரவில்லை, ஒவ்வொரு தடவையும் பேர் தெரியாத ஏதோ ஒரு ஜந்துதான் வந்தது.

கடைசியில் ரோடுதான் கோணல் என்று முடிவு கட்டினேன். போட்ட ரோட்டை அழித்து, அடிமட்டம் வைத்த மாதிரி ஒரு ரோடு புதிதாகப் போட்டேன். சனிக்கிழமை காலை அந்தப் புது ரோட்டிலும் வண்டி ஆடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அக்கா தண்ணீர் மோட்டார் போட மாடிக்கு வந்தார்.

அக்கா இந்த ஊர்க்காரர். பிளாட் போட்டு விற்றதில் ஒரு சின்னக் கார் வாங்கி, இந்த வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். அவர் ஓட்டினால் கணவர் பக்கத்தில் உட்கார மாட்டார். "எனக்கு உசுரு வெல்லம்பா" என்பார். அதனால் ஞாயிறு காலைப் பூசைக்கு மாதா கோயில் போகும்போது துணைக்கு என்னைத்தான் ஏற்றிக்கொள்வார். எனக்கு மாதாவும் ஒன்றுதான், எங்கள் ஊர் மாரியம்மனும் ஒன்றுதான். போய்விட்டு வருவேன்.

"இன்னாடி, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? ஒன் காரு இன்னும் ஓடலியா?"

"ரோடு சரியில்லக்கா. இப்பதான் புதுசாப் போட்டேன், அதுவும் சரியில்ல."

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார். சுருக்கென்று இருந்தது. அக்கா முதுகுக்குப் பின்னால் வாய்க்குள்ளேயே இரண்டு வார்த்தை திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அக்காவுக்குக் கோயில் படியில் கால் பிசகிவிட்டது. கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. கிளட்ச்சை மிதிக்க முடியாது. கொஞ்ச நேரம் வண்டிமேல் சாய்ந்து நின்று "மாதாவே, மாதாவே" என்றவர், சாவியை என் கையில் திணித்தார்.

"எக்கா, நான் ரோட்ல ஓட்டுனதே இல்ல."

"டெய்லி நூத்திருவதுல போறேன் நூத்திருவதுல போறேன்னு பீத்திகினியே, இத்த ஓட்ட மாட்டியா? லைசென்ஸ் கீதில்ல? ஏறுடி!"

பீற்றிக்கொண்டது உண்மைதான். நின்ற இடத்தில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். நாளைக்கு மேடத்திடம் காட்ட வேண்டிய கார் இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, இங்கே நிஜக் கார் ஒன்று கைக்கு வருகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

ஆனால் கிளட்ச்சும் கியரும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. அக்கா வாயைப் பிளந்தார். வாலாஜாபாத் சாலையில் ஞாயிறு காலை கூட்டமே இல்லை. ஒன்றிரண்டு கண்டெய்னர் லாரிகள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள், அவ்வளவுதான். அறுபது வரைக்கும் நான் ராணி. "பரவால்லியே" என்று அக்கா ஒரு கையால் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

எண்பதில் ஆரம்பித்தது. வண்டி லேசாக இடப்பக்கம் போவதுபோல் எனக்குத் தோன்றியது. கை தானாக வலது பக்கம் திருப்பியது. வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. கை இடப்பக்கம் திருப்பியது. அது அதைவிடக் கூடுதலாகப் போயிற்று. கண்ணாடியில் கட்டியிருந்த ஜெபமாலையின் சிலுவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊஞ்சலாடத் தொடங்கியது. நான் என்ன தப்பு செய்கிறேன் என்று எனக்குப் புரியவே இல்லை. ரோலரில் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன், என்னால் முடிந்த அளவு சீக்கிரமாக, சுத்தமாகச் செய்தேன். செய்யச் செய்ய ஆட்டம் கூடியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"ஏ கஸ்மாலம், இன்னாடி ரோட்ட அளக்குற! வுடுடி கைய! அது நேராத்தான் போவுது, நீதான் இங்கயும் அங்கயும் இஸ்துகினு போற! ஏசப்பா!"

அக்கா போட்ட சத்தத்தில் எனக்குக் கை மரத்துவிட்டது. ஸ்டியரிங்கை விடவில்லை, ஆனால் திருப்பவும் இல்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து கால் மட்டும் எழுந்துவிட்டது. வண்டி ஒரு தரம் சாய்ந்தது, அடுத்த தரம் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தது, அப்புறம் தானே நிதானத்துக்கு வந்து நேராகப் போயிற்று. நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. சிலுவை ஆட்டம் குறைந்து நின்றது. எனக்கு அப்போதும் பயம்தான், ஆனால் பயத்துக்கு நடுவிலேயே தெரிந்துவிட்டது, இந்த ஆட்டத்தை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

"எக்கா, கெடச்சிட்டு!"

"இன்னா கெடச்சுது? பிரேக்கு கெடச்சுதா? மொதல்ல வண்டிய நிறுத்துடி!"

ஓரமாக நிறுத்தினேன். அக்கா இறங்கி, வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, கீறல் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். எனக்கு வலிக்கவே இல்லை. அங்கிருந்து வீடு வரைக்கும் நாற்பதில் வந்தோம், அக்கா வழி நெடுக ஜெபம் சொன்னார்.

அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். ரோலரில் வண்டி எங்கேயும் போவதில்லை. அதனால் ஸ்டியரிங்கை ஒரு நூல் திருப்பினால் வண்டியும் ஒரு நூல்தான் நகரும். ரோட்டில் அந்த ஒரு நூல் வண்டியை எங்கேயோ கொண்டுபோய் விடும், வேகம் கூடினால் இன்னும் தூரமாய்க் கொண்டுபோகும். நான் பெருமைப்பட்டு எழுதிய அந்த ஒரு வரி, நூற்றைம்பதிலும் முழுக் கையையும் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தது. டயரைச் சந்தேகப்பட்டேன், வெயிட்டைச் சந்தேகப்பட்டேன், ரோட்டையே பெயர்த்துப் போட்டேன். அந்த வரியை மட்டும் சந்தேகப்படவே இல்லை. அது என் கையாயிற்றே. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வேகம் கூடக்கூடத் திருப்புகிற அளவு குறையட்டும் என்று மாற்றினேன். உடனே திருப்பாதே, கொஞ்சம் பொறுத்துப் பார், தானாக வந்தால் விட்டுவிடு என்று மாற்றினேன். டயரையும் வெயிட்டையும் பழையபடி வைத்தேன். தோழியைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். நூறு, நூற்றிருபது. நூற்றைம்பதுக்கு மேல் வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாகத் தானே திரும்பி வந்தது. அந்தச் சாய்வையும் எடுத்துவிட எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. சரியாகிவிட்டதா, சரியான மாதிரி நடிக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. எவ்வளவு பொறுக்க வேண்டும் என்கிற கணக்குக்கூட நான் போட்டது இல்லை. கண்ணை மூடி அந்தச் சிலுவை எப்படி ஆடி நின்றது என்று நினைத்து நினைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக வைத்தது.

திங்கட்கிழமை காலை மேடம் ஓட்டிப் பார்த்தார். வேகமாக ஓட்டினார், மெதுவாக ஓட்டினார், வேண்டுமென்றே வளைவில் கொண்டுபோய்த் திருப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ம்" என்றார். இன்னொரு தரம் ஓட்டினார். மறுபடி "ம்". அந்த "ம்"முக்கு நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டு வந்தேன். "சொல்றோம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற சொல் அது. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் பேசவே மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் போன் வரவில்லை. அப்பாதான் தினமும் கூப்பிட்டு, தீப்பெட்டி ஆபீஸில் எப்போது வந்து பார்ப்பாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் ஒரு நாள், ரோலரில் நூற்றிருபதில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஒரு பக்கமாக நழுவப் பார்த்தது. என் கை சும்மா இருந்தது. பொறு, தானாக வரும் என்று கை நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. ரோலரில் தானாக வராது. வண்டி நழுவிப் போய்ப் பக்கத்துத் தடுப்பில் உரசியது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் நின்றது.

அந்த லைன் நின்றால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. டிராக் அண்ணன்கூட வந்து எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, தூக்கமா? போற நேரத்துல பேர கெடுத்துகினு போறியா? ஒன் கையா இது?"

ஆமாம் சார், என் கைதான் என்று சொல்ல வாய் வந்தது. அவமானத்தில் காது சுட்டது. தெரிந்த ஒரு வேலையையும் கெடுத்தாயிற்று, மேடத்தின் கம்பெனி வேலையும் கிடைக்கவில்லை, எனக்கு இனி எதுவுமே வராது என்று அப்போது முழுசாக நம்பினேன்.

டீ நேரத்தில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், மேடத்திடமிருந்து மிஸ்டு கால். லாக்கர் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன்.

"முதல் தேதி வந்து சேர்ந்துக்கம்மா. ஒண்ணு மட்டும் கேக்கணும். நூத்தைம்பதுக்கு மேல கார் லேசா சாய்ஞ்சு, நிதானமா தானா திரும்புதே. புதுசா செய்றவங்க எல்லாரும் அதை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. நீ எதைப் பாத்து அப்படி விட்டே?"

அது நான் விட்டது இல்லை, எடுக்க முடியாமல் போனது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் குழம்பினேன்.

"எங்க ஹவுஸ் ஓனர் அக்கா வண்டி அப்படித்தான் மேடம் போவும்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்து ரோலரில் ஏறி, ஸ்டியரிங்கைக் கை வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மீதி ஷிப்ட் முழுக்க சிவப்பு விளக்கு மறுபடி எரியவில்லை. வேலை கிடைத்த சந்தோஷமா, கை கெட்ட அவமானமா தெரியவில்லை, எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.